தையலுக்குப் போன அரை இஞ்ச்

திருப்பூரில் யாரையும் குரு என்று கூப்பிடுகிற பழக்கம் இல்லை. கையில் கத்திரி வைத்திருப்பவர் மாஸ்டர், அவ்வளவுதான். அந்தச் சொல்லுக்கு முன்னால் முதலாளியே கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

இந்தக் கதையின் மாஸ்டர் மைனாவதி. வயது நாற்பத்து நான்கு. சீடரின் பெயர் தமயந்தி. வயது ஐம்பத்தெட்டு. வயது தலைகீழாக இருக்கிறதே என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். கற்றுக்கொள்ள வந்தவர் சீடர். அதற்கு மேல் அதில் ஒன்றும் கிடையாது.

தமயந்தி லேசுப்பட்ட ஆள் இல்லை. முப்பது வருஷம் கேலிச்சித்திரம் வரைந்தவர். 'கட்டெறும்பு' என்ற பெயரில் ஒரு வாரப் பத்திரிகையின் கடைசிப் பக்கம் அவருடையது. அதை வாங்குகிறவர்கள் பின்பக்கத்திலிருந்துதான் புரட்டுவார்கள். சாக்கடைக்குள் ஆளை இறக்கிய அதிகாரிகள், ஆற்றில் சாயத்தைத் திறந்துவிட்டவர்கள், பள்ளிக்கூட நிலத்தை வளைத்துப் போட்டவர்கள் எல்லாரும் அந்தப் பக்கத்துக்கு வந்து போனார்கள். தண்ணீரைப் பற்றி அவர் போட்ட சின்னப் படக்கதைப் புத்தகம் பேருந்து நிலையங்களில் கைமாறிக் கைமாறியே கிழிந்தது. ஒவ்வொரு படத்திலும் வலது பக்கம், அடியில், ஓரமாக ஒரு குட்டிக் கட்டெறும்பு இருக்கும். அதுதான் கையெழுத்து.

அவருக்குக் கிடைத்த பேரெல்லாம் மூக்கில்தான் இருந்தது. யாருடைய மூக்கை அவர் வரைந்தாலும் அந்த ஆள் பிறகு கண்ணாடி பார்க்கும்போது அந்த மூக்குதான் தெரியும். ஓர் அமைச்சர் மூக்குக்காக வழக்கே போட்டார். பதினோரு வருஷம் நடந்தது. கடைசியில் நீதிபதி படத்தைப் பார்த்தார், அமைச்சரைப் பார்த்தார், கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டே வழக்கைத் தள்ளினார். தமயந்திக்கு அதில் பெருமை உண்டு. ஏன் இருக்கக் கூடாது? சம்பாதித்த பெருமைதானே.

பிறகு பத்திரிகை நின்றுபோனது. வேறு இடங்களில் கேட்டார்கள், ஆனால் மூக்கைக் கொஞ்சம் குறைத்து வரையச் சொன்னார்கள். தமயந்தி ஒரு பை நிறையப் பேனாக்களோடு ஊர் ஊராகப் போராட்டப் பந்தல்களுக்குப் போய்க்கொண்டிருந்தார். அப்படித்தான் திருப்பூருக்கும் வந்தார்.

அங்கே ஒரு பனியன் கம்பெனி வாசலில் அறுபத்திரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். விஷயம் இதுதான். கழிப்பறைக்குப் போக வேண்டுமானால் டோக்கன் வேண்டும். நாற்பது பேருக்கு ஒரே ஒரு டோக்கன், உள்ளங்கை அளவு மரக்கட்டை. அது கைக்கு வரும்வரை அடக்கிக்கொண்டு தைக்க வேண்டும். டோக்கனை எடுக்கும்வரை உள்ளே வர மாட்டோம் என்று பெண்கள் வெளியே வந்துவிட்டார்கள்.

தமயந்தி அவர்கள் கையில் பிடிக்கிற அட்டைகளில் நாள்தோறும் கம்பெனி மேனேஜரை வரைந்தார். பதினோராம் நாள் மத்தியானம் மழை கொட்டியது. அட்டைகள் கூழாகிப் போயின. மேனேஜரின் மூக்கு பெண்களின் கைகளில் கறுப்பாக வழிந்தது. ஒரே ஒரு படம் தப்பித்தது. காகிதம் தீர்ந்துபோய், கழிவுத் துணியில் அவர் பேனாவால் கிறுக்கிக் கொடுத்த படம். அதை வைத்திருந்த ஜெயக்கொடி துணியைப் பிழிந்து கம்பெனி கேட்டின் மேல் காயப் போட்டாள்.

"காஞ்சுருங்க்கா. நாளைக்கும் புடிக்கலாம்," என்றாள்.

காய்ந்தது. மறுநாளும் பிடித்தாள். பத்தொன்பதாம் நாள் டோக்கன் ஒழிந்தது. பெண்கள் தலையை நிமிர்த்திக்கொண்டு உள்ளே போனார்கள். தமயந்தி ஊருக்குத் திரும்பவில்லை. நேராக மைனாவதி வேலை செய்யும் ஷெட்டுக்குப் போனார்.

"எனக்குத் தைக்கக் கத்துக் கொடுப்பீங்களா மாஸ்டர்?"

மைனாவதி கட்டிங் டேபிளிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"எதுக்குங்க்கா?"

"படம் மழையில கரையக் கூடாது."

மைனாவதி இப்போது நிமிர்ந்து பார்த்தார். ஒரு ஸ்டூலைக் காலால் தள்ளிவிட்டார்.

"உக்காருங்."

முதல் மாதம் பிரிக்கும் வேலை மட்டும். அடுத்தவர் தைத்துக் கெடுத்ததை நூல் நூலாகப் பிரிக்க வேண்டும். இரண்டாம் மாதம் மெஷினில் நூல் கோக்காமல் காகிதத்தின் மேல் ஓட்டினார். காகிதம் முழுக்க ஓட்டைகள்.

"மாஸ்டர், நான் எப்போ படம் போடுவேன்?"

மைனாவதி அந்தக் காகிதத்தை எடுத்து ஜன்னலுக்கு நேராகப் பிடித்தார். வெளிச்சம் ஓட்டைகள் வழியாக வந்தது. பாம்பு போன பாதை மாதிரி இருந்தது.

"இது நேராகறப்பங்க்கா."

தமயந்தி அடுத்த காகிதத்தை எடுத்து ஊசிக்கு அடியில் வைத்தார். அமைச்சரையே கலங்கடித்த கை, ஒரு நேர்கோட்டுக்காக இரண்டு மாதம் உட்கார்ந்திருந்தது.

ஒரு வருஷம் ஓடியது. கோடு நேரானது. போராட்டம் முடிந்த வருஷ நாள் வந்தபோது சங்கத்துப் பெண்கள் வந்து கேட்டார்கள். அந்தப் பத்தொன்பது நாளையும் துணியில் படக்கதையாகச் செய்து தர வேண்டும். சங்கக் கட்டிடத்துச் சுவரில் பதினாலடிக் கம்பி ஒன்று இருக்கிறது. அதில் என்றைக்கும் தொங்க வேண்டும். ஒரே ஒரு நிபந்தனைதான். சங்கச் சுவரில் எதை மாட்டினாலும் பெண்கள் பார்த்துக் கை தூக்க வேண்டும். கை தூக்காவிட்டால் மாட்டுவதில்லை.

தமயந்தி சிரித்தார். இதற்காகத்தானே ஒரு வருஷம் ஸ்டூலில் உட்கார்ந்தது.

"பன்னெண்டு கட்டம் மாஸ்டர். ஒரே வரிசை. துணி மேல துணி வெட்டி வச்சுத் தைக்கப் போறேன்."

"கட்டம் எத்தன அகலமுங்?"

"வெட்டுறது பதினஞ்சு இஞ்ச்."

"ரெண்டு பக்கமும் அரை அரை இஞ்ச் தையலுக்குப் போயிரும். மறந்துராதீங்."

"தெரியும் மாஸ்டர். மிச்சம் பதினாலு. பன்னெண்டு கட்டத்துக்குப் பதினாலடி. கம்பிக்குச் சரியா இருக்கும்."

கணக்கு சரி. ஒரு தப்பும் இல்லை.

மூன்று மாதம் வேலை செய்தார். கட்டிங்கில் விழும் பனியன் துண்டுகளிலேயே எல்லா நிறமும் கிடைத்தது. போராட்டத்தின்போது ஒரு நோட்டில் ஒவ்வொரு பெண்ணையும் பார்த்து வரைந்து வைத்திருந்தார். அறுபத்திரண்டு பேரையும் விடாமல் துணியில் வெட்டினார். இடுப்பில் கை வைத்து நிற்கும் ஜெயக்கொடி, பெரிய கண்ணாடி போட்ட பேபி, முந்தானையைத் தலையில் சுற்றிய பழனாத்தாள். நடுவில் மேனேஜர். காகிதத்தில் என்றைக்கும் அப்படித்தான் வரைந்திருக்கிறார். நடுவில் பெரிய மனிதர், இரண்டு ஓரத்திலும் ஜனம். அந்த மேனேஜரின் மூக்கு இருக்கிறதே, அது அவர் வாழ்நாளில் செய்த மூக்குகளிலேயே தலைசிறந்தது. கட்டத்துக்குக் கட்டம் வளர்ந்தது. மேனேஜர் வளர வளர, பெண்கள் ஓரத்தில் சுண்டுவிரல் அகலத்துக்குள் ஒருவர் தலைக்கு மேல் ஒருவராக நின்றார்கள்.

பன்னிரண்டு கட்டத்தையும் தானே மெஷினில் ஓட்டி இணைத்தார். இஞ்சுக்குப் பத்துத் தையல், கோடு போட்டது போல. முடித்துவிட்டு ஆசையாக விரித்துப் பார்த்தார். பார்த்ததும் பதறிப்போய் மாஸ்டரிடம் ஓடினார்.

"மாஸ்டர், என் எறும்பைக் காணோம்!"

மைனாவதி துணியைப் பார்த்தார். கடைசிக் கட்டத்தின் வலது ஓரத்தில் எறும்பு இல்லை.

"தையலுக்குள்ள போயிருக்குமுங்க்கா. அரை இஞ்ச் சொன்னனுங்களே."

"காகிதப் பழக்கம் மாஸ்டர். ஓரம் வரைக்கும் வரைஞ்சுட்டேன்."

"வேற ஏதாச்சும் காணாமப் போச்சுங்களா?"

தமயந்தி துணியை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை பார்த்தார். பன்னிரண்டு மேனேஜர்களும் பன்னிரண்டு மூக்குகளோடு அவரைப் பார்த்தார்கள்.

"இல்ல மாஸ்டர். மத்தபடி எல்லாம் சரியா இருக்கு."

மைனாவதி துணியைப் பார்த்தார், அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு, "சரிங்," என்றார்.

தமயந்தி கடைசிக் கட்டத்தில் மேனேஜரின் நாற்காலிக்குக் கீழே, நடுவில், சிவப்பு நூலால் புதிதாக ஓர் எறும்பு போட்டார். இப்போது அது நன்றாகவே தெரிந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் வேலை விட்டதும் பெண்கள் சங்கக் கட்டிடத்துக்கு வந்தார்கள். துணியை நீள மேஜையில் விரித்திருந்தார்கள். பழனாத்தாள் முன்னால் வந்தார். அவர் இருபது வருஷம் செக்கிங்கில் நின்றவர். அவர் கண்ணுக்குத் தப்பி ஒரு துணி கப்பல் ஏறியதில்லை.

"நீங்க போயி ஒரு டீ குடிச்சுட்டு வாங்க்கா."

"நான் இங்கேயே இருக்கேனே."

"செக்கிங்ல, தெச்சவங்க பக்கத்துல நிக்கக் கூடாதுங். எங்க வழக்கம்."

தமயந்தி எதிர்க் கடைக்குப் போனார். டீ வருவதற்குள் உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அறுபது பெண்கள் ஒன்றாகச் சிரித்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். 'மூக்கைப் பார்த்துவிட்டார்கள்,' என்று நினைத்துக்கொண்டார். டீக்கடைக்காரரைப் பார்த்துத் தானும் சிரித்தார். அவ்வளவு சந்தோஷமாக அவர் டீ குடித்து வெகு நாளாயிற்று.

சிரிப்பு நின்றது. பிறகு சத்தமே இல்லை.

அவர் திரும்பிப் போனபோது பெண்கள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார்கள். யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பேபி மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "வர்றனுங்க்கா," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மேஜையில் துணி கிடந்தது. அதன் மேல் சிவப்புச் சிவப்பாக அம்புகள். செக்கிங்கில் பயன்படுத்தும் குட்டி அம்பு ஸ்டிக்கர்கள். துணியில் எங்கே குறை இருக்கிறதோ அங்கே ஒட்டுவார்கள். துணி முழுக்க ஒட்டியிருந்தார்கள்.

"என்ன பழனாத்தா இது?"

"தள்ளுபடின்னு சொல்லலீங். சரி பண்ணிட்டு வாங். அடுத்த ஞாயித்துக்கெழம கை தூக்கறோம்."

"என்ன குறைன்னு சொல்லுங்களேன்."

"அம்பு ஒட்டியிருக்குதுங்களே."

பழனாத்தாளும் போய்விட்டார்.

தமயந்தி குனிந்து ஒவ்வோர் அம்பாகப் பார்த்தார். எல்லா அம்பும் இணைப்புத் தையலைத்தான் காட்டியது. நடுவில் ஒன்றுகூட இல்லை. மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தையலைச் சோதித்தார். ஒரு சுருக்கம் இல்லை, ஒரு தையல் தவறவில்லை, நூல் எங்கேயும் தொங்கவில்லை. அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பதினோரு வருஷம் வக்கீல்கள் பூதக்கண்ணாடி வைத்துத் தேடியும் அவர் வேலையில் ஒரு குறை சொல்ல முடியவில்லை. அப்படியே துணியைச் சுருட்டிக்கொண்டு மாஸ்டரின் ஷெட்டுக்கு நடந்தார்.

மைனாவதி அப்போதுதான் கத்திரிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

"பாருங்க மாஸ்டர். இந்தத் தையல்ல என்ன தப்பு?"

மைனாவதி துணியை டேபிளில் விரித்து, விரலால் தையலைத் தடவிக்கொண்டே ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடந்தார்.

"தையல் சுத்தமா இருக்குதுங்க்கா. நானே இப்படித் தெச்சிருக்க மாட்டேன்."

"அப்புறம் எதுக்கு இத்தனை அம்பு?"

மைனாவதி துணியின் நீள ஓரத்தைப் பிடித்து அதை அப்படியே கவிழ்த்துப் போட்டார். பின்பக்கம் மேலே வந்தது. முதல் இணைப்பில், தையலுக்குள் மடிந்திருந்த அரை இஞ்ச் துணியை இரண்டு கட்டை விரலாலும் பிரித்து விரித்துப் பிடித்தார்.

உள்ளே பேபியின் கண்ணாடி இருந்தது.

அதற்குக் கீழே ஜெயக்கொடியின் முழங்கை, இடுப்பில் வைத்தபடியே. அதற்குக் கீழே ஒரு முந்தானை, பாதி முகம்.

தமயந்தி அடுத்த இணைப்பைத் தானே பிரித்துப் பார்த்தார். பிறகு அதற்கடுத்தது. அறுபத்திரண்டு பேரும் இருந்தார்கள். ஒருவர் மிச்சமில்லாமல் எல்லாரும் மடிப்புக்குள் இருந்தார்கள். கடைசி ஓரத்தில் எறும்பும் இருந்தது.

அவருக்குக் காது சுட்டது. கூசிப்போய் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"நான் எறும்பை மட்டும்தான் தேடினேன் மாஸ்டர்."

அவர் தலையை நிமிர்த்தி மைனாவதியைப் பார்த்தார்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?"

"கேட்டனுங்களே. எல்லாம் சரியா இருக்குதுன்னீங்க."

அது உண்மை. தமயந்தி எறும்பு இருந்த மடிப்பை மறுபடி மூடினார்.

"எதையும் தின்னாத தையல்னு ஒண்ணு இருக்கா மாஸ்டர்?"

"இல்லீங்க்கா. ரெண்டு துணி சேரோணும்னா எங்கியாச்சும் அரை இஞ்ச் போயே தீரும்."

தமயந்தி யோசித்தார். ஒரு வருஷப் பாடம் வீண் போகவில்லை.

"ஓரத்தையெல்லாம் பிரிச்சுடறேன். அடியில ஒரு பட்டி வச்சு, மேலேயே தையல் ஓட்டறேன். பனியன் துணி, நூல் பிரியாது. அவங்க எல்லாரும் வெளியே வந்துடுவாங்க."

"வருவாங்க. கட்டம் பதினஞ்சு இஞ்ச் ஆயிரும். பன்னெண்டு கட்டத்துக்கு ஒரு அடி கூடுமுங். கம்பி பதினாலடிதான். அதுக்கப்பறம் தூணு."

"ஒரு கட்டத்தை எடுத்துட்டா?"

"பத்தொம்பது நாள்ல எந்த நாள எடுப்பீங்?"

எந்த நாளையும் எடுக்க முடியாது. மழை நாளை எடுக்க முடியாது. போலீஸ் வண்டி வந்த நாளை எடுக்க முடியாது. ஒன்றுமே நடக்காமல் வெயிலில் சும்மா உட்கார்ந்திருந்த நாளை எடுக்கவே முடியாது, அதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமான நாள்.

மைனாவதி எண்ணெய் துடைத்த கத்திரியைக் கைப்பிடிப் பக்கமாகத் திருப்பி நீட்டினார்.

"கட்டத்துக்கு ஒரு இஞ்ச் யாராச்சும் குடுத்துத்தான் ஆகோணும். யாருன்னு நீங்க சொல்லுங்."

பெரிய கத்திரி. பத்து அடுக்குத் துணியை ஒரே வெட்டில் அறுப்பது. தமயந்தி அதைக் கையில் வாங்கிக்கொண்டு துணியை மறுபடி நேராகத் திருப்பினார். பன்னிரண்டு மேனேஜர்கள் அகலமாக உட்கார்ந்திருந்தார்கள். பன்னிரண்டு மூக்குகள். கடைசி மூக்குக்கு மட்டும் ஒன்பது நாள் ஆகியிருந்தது. இனிமேல் அப்படி ஒரு மூக்கு தனக்கு வராது என்று அவருக்குத் தெரியும். முப்பது வருஷத்துப் பேர் அந்த மூக்கில்தான் இருந்தது. பார்க்கிறவர்கள் முதலில் சிரிப்பதும் அதைப் பார்த்துத்தான். அன்று தெரு வரைக்கும் கேட்ட சிரிப்பு அந்தச் சிரிப்புதான்.

கத்திரியைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

முதல் கட்டத்தின் மேல் விளிம்பில் வைத்து, மேனேஜரின் வகிட்டிலிருந்து நேராகக் கீழே வெட்டினார். நெற்றி, மூக்கு, மீசை, டை, நாற்காலி. கண்ணில் தண்ணீர் வந்தது, அதை அவர் துடைத்துக்கொள்ளவும் இல்லை. பன்னிரண்டாவது கட்டத்தில் நாற்காலிக்கு அடியிலிருந்த சிவப்பு எறும்பும் இரண்டாகப் போனது.

மைனாவதி மெஷினின் ஸ்விட்சைப் போட்டுவிட்டுத் தன் ஸ்டூலை அவருக்குக் கொடுத்தார். அந்த ஸ்டூலில் அவர் யாரையும் உட்கார விட்டதில்லை.

ஏழு நாள் வேலை. முதல் இரண்டு நாள் முழுக்கப் பிரிப்பதே சரியாக இருந்தது. பிரிக்கப் பிரிக்கப் பெண்கள் வெளியே வந்தார்கள். நசுங்கியிருந்த முகங்களை இஸ்திரி போட்டு நிமிர்த்தினார். ஜெயக்கொடியின் முழங்கைக்கு இரண்டு தடவை போட வேண்டியிருந்தது. மேனேஜரின் இரண்டு பாதியும் நடுவில் சேர்ந்தபோது மூக்கு உள்ளே மடிந்துபோய், அவர் ஒல்லியாக, யாரோ கதவிடுக்கில் மாட்டிக்கொண்டவர் போல ஆகிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பெண்கள் வந்தார்கள். இந்தத் தடவை மாமியார், பிள்ளைகள், பக்கத்து லைன் வீட்டுப் பெண்கள் என்று கூட்டம். தமயந்தி தானாகவே டீக்கடைக்குக் கிளம்பினார்.

"இருங்க்கா," என்றார் பழனாத்தாள். "இன்னிக்கு இருங்."

துணி கம்பியில் தொங்கியது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை சரியாகப் பதினாலடி. முதலில் யாரும் சிரிக்கவில்லை. கிட்டே வந்தார்கள். விரலால் தடவிப் பார்த்தார்கள். தமயந்தி சுவரோரம் ஒதுங்கி நின்றார். வழக்கின் தீர்ப்பு நாளன்றுகூட அவர் அப்படி ஒதுங்கி நின்றதில்லை.

"கண்ணாடிங்!" என்று கத்தினாள் பேபி. "என்ற கண்ணாடிங்! அத்தே, இங்க வாங், இது நானு!"

"இடுப்புல கை வெச்சுட்டு நிக்கறது யாருன்னு பாரு," என்றாள் ஜெயக்கொடி தன் மகளிடம். "போலீஸ் வண்டி வந்தன்னிக்குக் கூட எடுக்கல இந்தக் கைய. தெரிஞ்சுக்க."

அதற்குப் பிறகு ஒரே இரைச்சல். இது நான், அது நீ, அந்தப் பச்சைச் சேலை யாரு, மழை நாளன்று எனக்குக் காய்ச்சல் அடித்ததே, அது கூடத் தெரிகிறது பார், கம்பளி போர்த்தி நிற்கிறேன். பதினேழாம் நாள் பிரசவத்துக்குப் போன ஒருத்தி வயிற்றோடு நின்ற தன் படத்தின் கீழே, அந்தக் குழந்தையையே தூக்கி நிறுத்திக் காட்டினாள்.

பழனாத்தாள் மட்டும் பேசாமல் துணியின் கீழ் முனையைத் தூக்கிப் பின்பக்கத்தைப் பார்த்தார். செக்கிங் கைக்கு அது பழக்கம். பார்த்தவர் அப்படியே குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தார்.

"ஏ புள்ளைகளா, மேனேஜரு மூக்கு இங்க மடிஞ்சு கெடக்குது!"

எல்லாரும் பின்பக்கம் ஓடினார்கள். அந்தச் சிரிப்பு போன வாரத்துச் சிரிப்பை விடப் பெரிது. தமயந்தியும் சிரித்தார். தன் மூக்கு நகைச்சுவைக்கு அவரே சிரித்தது அதுதான் முதல் தடவை.

பழனாத்தாள் முன்னால் வந்து முந்தானையைச் செருகிக்கொண்டார்.

"மாட்டலாங்கறவங்க கை தூக்குங்."

அறுபத்திரண்டு கைகள். சங்கத்தில் இல்லாத மாமியார்கள்கூடத் தூக்கினார்கள், அவற்றை யாரும் எண்ணிக் கழிக்கவில்லை.

ஒரு நாளிதழிலிருந்து புகைப்படக்காரர் ஒருவர் வந்திருந்தார். துணிக்கு முன்னால் எல்லாரையும் நிறுத்தினார். இரண்டு ஓரத்திலும் பெண்கள் துணியையும் தூணையும் தாண்டி நின்றார்கள்.

"ஓரத்துல இருக்கறவங்க உள்ள வாங்கம்மா. படத்துல விழ மாட்டீங்க."

யாரும் நகரவில்லை.

"நாங்க வர முடியாதுங்," என்றாள் ஜெயக்கொடி. "நீங்க பின்னால போங்."

அவர் நாலு அடி பின்னால் போனார். போதவில்லை. அகலமான ஷட்டரை முழுசாகத் தூக்கிவிட்டு, வாசற்படியைத் தாண்டி, தெருவில் இறங்கி, டீக்கடை வரை போய் நின்றார். அங்கிருந்து பார்த்தபோது எல்லாரும் விழுந்தார்கள் போலிருக்கிறது, கையைத் தூக்கிக் காட்டினார். பிறகுதான் அவர் தமயந்தியைக் கவனித்து, அங்கிருந்தே கூவினார்.

"மேடம், நீங்க கட்டெறும்புதானே? எங்கப்பா உங்க பக்கத்தையெல்லாம் வெட்டி வச்சிருக்காருங்க. யாராச்சும் மேடத்துக்கு நடுவுல ஒரு சேர் போடுங்க!"

யாரோ நாற்காலியைக் கொண்டுவந்து நட்ட நடுவில் போட்டார்கள். தமயந்தி அதைப் பார்த்தார். துணியைப் பார்த்தார். இடது கோடியில், தூணுக்கு அந்தப் பக்கம், அரை உடம்பு தெரிகிற மாதிரி மைனாவதி நின்றிருந்தார்.

"நான் எங்க நிக்கட்டும் மாஸ்டர்?"

மைனாவதி பக்கத்திலிருந்த பெண்ணைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லி, ஓர் ஆள் நிற்கிற இடம் பண்ணினார்.

"இப்படி ஓரமா வாங்க்கா. எல்லாரும் இங்கதான் இருக்கறோம்."